படம் சொன்ன நேரம்

வலது கை எழுதுவதை நிறுத்தி ஒன்றரை வருடம் ஆகிறது. இதை இடது கையால் எழுதுகிறேன். எழுதுகிறேன் என்பதுகூட முழு உண்மை இல்லை. நான் துண்டு துண்டாகக் கிறுக்கி வைப்பதை, என்னோடு பள்ளியில் வேலை பார்த்த ஒரு டீச்சர் சனிக்கிழமைகளில் வந்து கோத்து, வாசித்துக் காட்டுவார். நான் சொல்ல வந்தது அதுதான் என்றால் தலையசைப்பேன். இல்லையென்றால் அடித்துவிட்டு மறுபடி கேட்பார். சில வரிகளுக்கு ஒரு சனிக்கிழமை முழுவதும் போயிருக்கிறது.

பக்கவாதம் வந்தவர்களின் வீட்டார் எங்களைத் தேடி வருகிறார்கள். "உங்களுக்கு அந்த ஊசி போட்டாங்களா?" என்று கேட்கிறார்கள். ஏன் போடவில்லை என்று என் வீட்டுக்காரர் சொல்லத் தொடங்குவார். பாதியில் எழுந்து வெளியே போய்விடுவார். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு திருநின்றவூரில், ஸ்டேஷனுக்கு மேற்கே. என் வீட்டுக்காரர் மூர்த்தி காக்களூர் தொழிற்பேட்டையில், இரும்புத் தகடு அடிக்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் ராத்திரி. நான் மூன்றாம் வகுப்புக்குத் தமிழ் டீச்சர். ஒரே பெண், பவானி. அது நடந்த இரண்டாயிரத்தெட்டில் அவள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டில் சந்திரா. அம்பத்தூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கிறவள். விடிந்ததும் டிபன் பையோடு எங்கள் கேட்டைத் தாண்டித்தான் ரயிலுக்கு ஓடுவாள். ஓடுகிற ஓட்டத்திலும் என்னிடம் இரண்டு வார்த்தை பேசாமல் போகமாட்டாள்.

அந்த வாரம் மூர்த்திக்கு ராத்திரி ஷிப்ட். நான் ஐந்து மணிக்கு எழுந்து, பால் பாக்கெட்டை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, வாசல் தெளித்தேன். ஆறு மணி தாண்டி சந்திரா வந்தாள். "அக்கா, லேட்டாய்டுச்சுக்கா, இன்னிக்கி வண்டி கெடைக்காது போலகீது" என்றாள். "ஓடு ஓடு, பேசிக்கினு நிக்காத" என்றேன். நான் முழுதாகப் பேசிய கடைசி வாக்கியம் அது.

அடுப்படிக்கு வந்தேன். பால் பாக்கெட்டை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தேன். அது கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தேன், விரல்கள் மடங்கவில்லை. வலி இல்லை. தலைவலிகூட இல்லை. கை என்னுடையது என்பதே மறந்து போனதுபோல் இருந்தது. சுவரில் சாய்ந்தேன், வலது காலும் மடிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து, சரிந்தேன். பவானியைக் கூப்பிட வாய் திறந்தேன். காற்றுதான் வந்தது. சந்திராவின் ரயில் ஹாரன் அடித்துக்கொண்டு போனது காதில் விழுந்தது. அதனால் எனக்கு நேரம் தெரியும். ஆறேகால், அல்லது அதற்கு ஓரிரு நிமிடம் பின்னே. உலகத்தில் அந்த நேரம் தெரிந்த ஒரே ஆள் நான்.

மூர்த்தி ஷிப்ட் முடிந்து ஏழு மணிக்கு வந்தார். அடுப்படி வாசலில் பையைப் போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னாச்சு கஸ்தூரி? வழுக்கி வுழுந்துட்டியா? இன்னா ஆச்சுன்னு சொல்லு."

"இல்ல" என்றேன்.

எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நான் சொல்ல நினைத்தது வேறு. மறுபடி முயன்றேன். மறுபடி "இல்ல" தான் வந்தது. அவர் பவானியைக் கத்தி எழுப்பினார். தூக்கக் கலக்கத்தோடு வந்தவள் என் முகத்தைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டாள். என் வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது என்று பிறகு சொன்னாள்.

ஸ்டேஷன் ரோட்டில் இருக்கிற டாக்டர் என்னை உள்ளே இறக்கக்கூட விடவில்லை. தெருமுனைக்காரரிடம் கேட்டு வாங்கிய சுமோ காரிலேயே ஏறி வந்து பார்த்தார். "இது பக்கவாதம். இங்க வெச்சுக்கினு இருக்காதீங்க. மெட்ராஸுக்கு ஓடுங்க. ரத்தக்கட்டிய கரைக்கிற ஊசி ஒண்ணு இருக்கு. மூணு மணி நேரத்துக்குள்ள போட்டாதான் உண்டு" என்றார். ஆவடி நெரிசலில் வண்டி நகரவில்லை. பவானியின் மடியில் என் தலை இருந்தது. "அம்மா, தூங்காதம்மா" என்று என் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தாள். நான் தூங்கவே இல்லை. எல்லாம் கேட்டது, எல்லாம் புரிந்தது. மனசுக்குள் மணியைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நேரம் இருக்கிறது, இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அண்ணா நகர் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது எட்டேகாலுக்கு மேல் இருக்காது. அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டர் இருந்தார். ஓடித்தான் வந்தார். என் கையைத் தூக்கிப் பார்த்தார், காலைத் தூக்கிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து கேட்டார்.

"இவங்க நல்லா இருந்ததைக் கடைசியா யார் பார்த்தீங்க? எத்தனை மணிக்கு?"

"நான் நைட் ஷிப்ட் சார்" என்றார் மூர்த்தி. "நேத்து சாயந்தரம் நான் போசொல்லோ நல்லாத்தான் சார் இருந்தா."

டாக்டர் பவானியைப் பார்த்தார்.

"நைட்டு ஒம்பதரைக்குப் பாத்தேன் சார். அம்மா பரிட்சைப் பேப்பர் திருத்திக்கினு இருந்தாங்க. நான் போய்ப் படுத்துட்டேன். அப்புறம் அப்பா எழுப்புனப்பதான்..."

டாக்டரின் முகம் மாறியதை நான் படுத்தபடி பார்த்தேன். அவர் அதை அவர்களுக்கு விளக்கினார். பக்கவாதம் எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால், நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்தையே தொடக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. அப்படிப் பார்த்தால் எனக்கு ஒன்பதரையிலேயே தொடங்கிவிட்டது. பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. இவ்வளவு நேரம் ரத்தம் போகாமல் நைந்துபோன மூளையில் அந்த ஊசியைப் போட்டால், உள்ளே ரத்தம் கசிந்து ஆளே போய்விடலாம்.

"பால் பாக்கெட் உள்ள வந்துகீது சார்" என்றார் மூர்த்தி. "பால்காரன் அஞ்சு மணிக்குத்தான் போடுவான். அத இவதான் எடுத்திருக்கணும்."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு மணின்னு வெச்சுக்கிட்டாலும் மூணு மணி நேரம் தாண்டிடுச்சு சார்" என்றார்.

பிறகு என்னிடம் குனிந்தார். "அம்மா, ராத்திரியே இப்படி ஆயிடுச்சா?"

"இல்ல" என்றேன். என் உயிரையெல்லாம் திரட்டிச் சொன்னேன்.

அவர் கண்ணில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. "அப்போ காலையிலயா?"

"இல்ல."

"உங்க பேரு கஸ்தூரியா?"

"இல்ல."

அவர் என் நெற்றியைத் தொட்டுவிட்டு நிமிர்ந்துகொண்டார். நான் இடது கையை உயர்த்தி ஐந்து விரலைக் காட்டினேன். மடக்கி, ஒரு விரலைக் காட்டினேன். ஆறு. நர்ஸ் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டும் வேண்டாம் என்று தலையை ஆட்டக்கூட அப்போது எனக்குச் சரியாக வரவில்லை.

முதலில் ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக் கசிவு இல்லை. மற்றபடி மூளை சுத்தமாக இருப்பதுபோலத்தான் தெரிந்தது. ராத்திரியே வந்திருந்தால் இந்நேரம் இதில் ஏதாவது தெரிய ஆரம்பித்திருக்க வேண்டும் என்று அந்த டாக்டருக்கு ஒரு சந்தேகம். எம்.ஆர்.ஐ. எடுக்கலாம் என்றார். அதற்கு என்னைத் தள்ளிக்கொண்டு போகும்போதுதான் பவானி சட்டென்று நின்றாள்.

"அப்பா, சந்திராக்கா! அவங்க டெய்லி ட்ரெயினுக்குப் போறப்ப அம்மாகிட்ட பேசிட்டுதான போவாங்க? இன்னிக்கும் பேசியிருந்தா?"

டாக்டர் திரும்பினார். "எத்தனை மணிக்குப் போவாங்க?"

"ஆறு, ஆறேகால் சார்."

"உடனே கேளுங்க. அவங்க கண்ணால பார்த்தேன்னு சொன்னா போதும், நான் ஊசியை ரெடி பண்றேன்."

சந்திராவின் போன் அடித்தது, எடுக்கவில்லை. அந்தக் கம்பெனியில் கேட்டிலேயே போன்களை வாங்கி ஒரு பெட்டியில் போட்டுவிடுவார்கள். பவானி ஸ்கூல் யூனிபார்ம்கூட இல்லாமல், நைட்டி மேல் துப்பட்டாவைப் போட்டபடி, ஆட்டோ பிடித்து அம்பத்தூருக்கு ஓடினாள்.

எம்.ஆர்.ஐ. என்பது ஒரு குழாய். தலையில் கூண்டு மாதிரி ஒன்றை மாட்டி உள்ளே தள்ளிவிடுவார்கள். தகரத்தைச் சம்மட்டியால் அடிக்கிற சத்தம். அதற்குள் அசையாமல் கிடந்தபடி, சந்திரா, சந்திரா என்று மனசுக்குள் கூப்பிட்டேன். அந்தப் பெயரின் முதல் எழுத்துக்கு நாக்கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

வெளியே வந்ததும் டாக்டர் கம்ப்யூட்டரில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு மூர்த்திக்குக் காட்டினார். நான் படுத்திருந்த தள்ளுவண்டி கதவோரம் நின்றதால் எனக்கும் தெரிந்தது.

"ரெண்டும் ஒரே இடம்தான். ஆனா ஒவ்வொண்ணும் வேற வேற விதமா எடுத்தது. ரத்தம் நின்ன கொஞ்ச நேரத்துலயே இந்த மொதல் படத்துல அந்த இடம் வெள்ளையா தெரிஞ்சிடும். பாருங்க, பல்பு எரியுற மாதிரி இருக்கு. ரெண்டாவது படம் மெதுவானது. அந்த இடத்துல நீர் கோத்து, அது வெள்ளையா தெரிய நாலஞ்சு மணி நேரம் ஆகும். இதுல இன்னும் ஒண்ணும் இல்ல."

"அப்டின்னா?"

"அப்படின்னா இது புதுசு. ராத்திரி வந்ததா எனக்குத் தோணல. காலையிலதான் வந்திருக்கணும்."

மூர்த்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்போ போட்டுடுங்க சார்! படமே சொல்லிடுச்சே!"

டாக்டர் போனை எடுத்துத் தன் பெரிய டாக்டரிடம் பேசினார். நான் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கிலீஷில் பேசினார், கெஞ்சுகிற குரலில் பேசினார். பிறகு "எஸ் சார்" என்றார். இன்னொரு முறை "எஸ் சார்".

திரும்பி வந்து சொன்னார். "படத்தை வெச்சு இத்தனை மணின்னு சொல்லி ஊசி போட இன்னும் யாருக்கும் தைரியம் வரல. சில பேருக்குப் படம் தப்பாவும் காட்டும். ரத்தம் கசிஞ்சா நாளைக்கு நீங்களே எங்களைக் கேப்பீங்க. ஆள் சாட்சி வேணும் சார். பாப்பா போன் பண்ணட்டும். இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."

அம்பத்தூரில் நடந்ததைப் பவானி பிறகு சொன்னாள். கேட்டில் இருந்த செக்யூரிட்டி, சூப்பர்வைசர் சொல்லாமல் யாரையும் வெளியே விடமாட்டேன் என்றான். சூப்பர்வைசர் மீட்டிங்கில் இருந்தார். இவள் அழுதாள், கத்தினாள், கேட் கம்பியைப் பிடித்து ஆட்டினாள். "உயிர் போவுற விஷயம்னா போலீஸுக்குப் போ, கம்பெனிக்கு ஏன் வர்ற" என்றானாம். கடைசியில் டீ கொண்டுபோன ஒரு அம்மாள் உள்ளே போய்ச் சொல்லியிருக்கிறாள். சந்திரா நூல் ஒட்டிய கையோடு ஓடி வந்தாள்.

போன் வந்தபோது டாக்டரே வாங்கிப் பேசினார். சந்திராவின் குரல் எனக்கே கேட்டது.

"பாத்தேன் சார்! நல்லா பேசிக்கினு இருந்தாங்க சார்! ஓடு ஓடுன்னு சிரிச்சாங்க சார்! இன்னா சார் ஆச்சு எங்க அக்காவுக்கு?"

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதே முக்கால். மூன்று மணி நேரம் ஒன்பதேகாலுக்கே முடிந்திருந்தது. அவர் போனை மூர்த்தியிடம் நீட்டினார்.

ஊசி போடவில்லை.

மறுநாள் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். முந்தின நாள் சுத்தமாக இருந்த படத்தில் இப்போது இடப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு இருட்டு. அதுதான் என் பேச்சும் என் வலது கையும் இருந்த இடம். இனி அது திரும்பாது, பக்கத்தில் இருக்கிற மூளை கொஞ்சம் கொஞ்சம் கற்றுக்கொண்டால் உண்டு என்றார்கள். இதயத்தையும் பார்த்தார்கள். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சலாகக் கிடந்திருக்கிறேன். அதில் ஒரு வால்வு சுருங்கிப்போய், உள்ளே ரத்தம் தேங்கிக் கட்டி, அந்தக் கட்டிதான் மேலே போய் அடைத்திருக்கிறது. ஸ்டேஷன் படி ஏறும்போது மூச்சு வாங்கியதெல்லாம் வயசு என்று நினைத்திருந்தேன்.

வார்டு நாட்களைப் பற்றி அதிகம் எழுத முடியவில்லை. மூக்கில் குழாய், கீழே குழாய். விழுங்கினால் புரையேறியது. இருபது வருடம் பிள்ளைகள் முன்னால் நிமிர்ந்து நின்றவளை, இரண்டு பேர் சேர்ந்து புரட்டித் துடைத்தார்கள். மூர்த்தி எனக்குத் தலை வாரிப் பின்னிவிடக் கற்றுக்கொண்டார். பிரஸ் மெஷின் பிடித்த கைக்கு முடி வழுக்கிக்கொண்டே போகும். சிக்கை இழுத்துவிட்டு, "வலிக்குதா?" என்று கேட்பார். "இல்ல" என்பேன். அது ஒன்றுதான் கேள்விக்குப் பொருந்தி வந்த பதில்.

சந்திரா ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தாள். என் காலைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு வார்த்த நின்னு பேசியிருந்தா நான் பாத்திருப்பேனே, அக்கா" என்று அழுதாள். பவானியோ "நான் ஒம்பதரைன்னு சொல்லாம இருந்திருக்கணும்" என்றாள். உண்மையைச் சொன்னவளும், அவசரமாகப் போனவளும் என் இரண்டு பக்கமும் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். நான் ஒருத்திக்கும் ஆறுதல் சொல்ல முடியாமல் கிடந்தேன்.

டிஸ்சார்ஜ் ஆகிற அன்று அந்த இளம் டாக்டர் வந்தார். மூர்த்தி அவரிடம் நேராகக் கேட்டார்.

"சார், ஒண்ணு கேக்கறேன். ஆறு மணிக்கு நான் ஊட்லதான் இருந்தேன், நல்லா பேசிக்கினு இருந்தான்னு ஒரு பொய் சொல்லியிருந்தா, போட்டிருப்பீங்களா?"

"போட்டிருப்பேன்" என்றார்.

"அப்போ நான்தான்..."

"ராத்திரியே வந்திருந்து நீங்க பொய் சொல்லியிருந்தா, உங்க கையாலயே அவங்கள கொன்னிருப்பீங்க. உங்களுக்கு அன்னிக்கு அது தெரியாதே சார். ஊசி போட்டவங்க எல்லாரும் எந்திரிச்சு நடக்கறதும் இல்ல." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இந்த ரெண்டு படத்தையும் சாட்சியா எடுத்துக்கலாமான்னு வெளிநாட்டுல யோசிச்சுக்கிட்டு இருக்காங்க. இனிமே வர்றவங்களுக்கு வழி பொறக்கலாம்."

மூர்த்தி அவருக்குக் கைகூப்பினார். லிப்டில் இறங்கும்போது, யாரிடம் என்றில்லாமல், "பொய்யே சொல்லத் தெரியாத முண்டம்" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். இன்றைக்கும் அந்த இடம் வந்தால்தான் அவர் எழுந்து வெளியே போகிறார்.

வீட்டுக்கு வந்த பிறகு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம். சுவரைப் பிடித்து நடக்கிறேன். கை அப்படியேதான். ஆறு மாதத்தில் "தண்ணி" வந்தது, பிறகு "சரி" வந்தது. பள்ளியில் வேறு டீச்சர் வந்துவிட்டார். ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை. கட்டி மறுபடி வரலாம் என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

அந்த "மறுபடி" என்ற சொல் எங்கள் வீட்டில் குடியேறிவிட்டது. மூர்த்தி ராத்திரி ஷிப்டை விட்டுவிட்டார். பவானி என் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுக்கிறாள். காலையில் கண் விழித்ததும் என்னைச் சிரிக்கச் சொல்லிப் பார்க்கிறாள். பிறகுதான் பல் விளக்குகிறாள்.

அவள் பிளஸ் டூ நன்றாகவே எழுதியிருந்தாள். கோயம்புத்தூரில் விவசாயப் படிப்புக்கு இடம் வந்தது. எட்டாவது படிக்கும்போதிருந்தே அவள் ஆசைப்பட்டது அது. ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும். அவளோ அதற்குள் பட்டாபிராம் பக்கம் ஒரு காலேஜில் பி.காம். சேர்ந்துவிட்டிருந்தாள். அப்பாவும் மகளும் பேசியது என் காதில் விழுந்தது.

"போயிட்டு வா கண்ணு. நான் பாத்துக்கறேன்."

"நீ ஆறு மணிக்கே வேலைக்குப் போயிடுவ. இங்க இருந்தா காலேஜ் நேரம் போக மீதி நேரம் நான் இருப்பேன். ஹாஸ்டலுக்குப் போயிட்டா, அம்மாவுக்கு எப்போ என்ன ஆச்சுன்னு யாரு சொல்றது?"

மூர்த்தி அந்தக் கோயம்புத்தூர் அட்மிஷன் கார்டை எடுத்து அலமாரியில் வைத்தார்.

நான் பேசியாக வேண்டும் என்று முடிவு செய்தேன். பெரிய வாக்கியம் வேண்டாம். "போ" என்றால் போதும். உதட்டை மூடித் திறந்தால் வருகிற எழுத்து. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எத்தனை முறை சொல்லிக்கொடுத்திருப்பேன். வீட்டில் யாரும் இல்லாத பகலில் கண்ணாடி முன் உட்கார்ந்து பழகினேன். உதடு மூடும், திறந்தால் "இல்ல" வரும். கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுவேன். மறுபடி நிமிர்த்துவேன். ஒரு நாள் மத்தியானம் அது வந்துவிட்டது. "போ." தெளிவாக, முழுதாக. விட்டுவிடக் கூடாது என்று சாயந்தரம் வரை சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கோயம்புத்தூரில் சேர இன்னும் இரண்டே நாள்தான் இருந்தது.

மறுநாள் காலையில் மூர்த்தி வேலைக்குப் போய்விட்டார். பவானி தலை வாரிக்கொண்டு, டிபன் டப்பாவைப் பையில் வைத்தாள். நான் சுவரைப் பிடித்து எழுந்து, அவள் எதிரில் போய் நின்றேன். இடது கையால் அவள் தோளைப் பிடித்தேன்.

"போ" என்றேன்.

அவள் கண் விரிந்தது. "அம்மா! புது வார்த்தை! இன்னொரு தடவை சொல்லு!"

"போ. போ."

அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். நான் அலமாரியைக் காட்டினேன், அந்த அட்மிஷன் கார்டு அங்கேதான் இருந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். அலமாரிக்கு மேலே கடிகாரம்.

"ஆமாம்மா, டைம் ஆயிடுச்சு, போறேன் போறேன்" என்று சிரித்தாள். "சந்திராக்கா சாயந்தரம் வந்ததும் சொல்றேன், அம்மா என்னையே துரத்துதுன்னு."

செருப்பை மாட்டிக்கொண்டு ரயிலுக்கு ஓடினாள். நான் கேட் வரை போய், தெரு திரும்புகிற வரை சொல்லிக்கொண்டே நின்றேன்.